வணிகருக்கு ஆங்கிலம்: வினைச்சொல்லுக்குப் பின்னே வரும் சின்னச் சொற்கள்



"பருப்பு விற்பதற்கு இங்கிலீஷ் எதற்கு அண்ணாச்சி?" என்று நம்மைக் கேட்கும் அன்பர்கள் உண்டு. உள்ளூரில் விற்பதற்கு வேண்டாம்தான். ஆனால் கொள்முதலுக்கு என்ன செய்வது? கொத்தமல்லி ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டியிலிருந்து வருகிறது. சீரகம் குஜராத்தின் ஊஞ்சாவிலிருந்து வருகிறது. வற்றல் குண்டூரிலிருந்தும், துவரை குல்பர்கா என்று நாம் சொல்லிப் பழகிய கலபுரகியிலிருந்தும் வருகின்றன. அங்குள்ளவர்களுக்குத் தமிழ் தெரியாது. நமக்கு இந்தியும் தெலுங்கும் அரைகுறை. இரு தரப்புக்கும் நடுவே நின்று பேசுவது ஆங்கிலம்தான். அதுவும் இரண்டு பக்கமும் அரைகுறை என்றால் சரக்கு ஒரு பக்கமும் பணம் ஒரு பக்கமும் போய்விடும். நமக்கு அப்படித்தான் போயிற்று. பாடத்துக்கு முன் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

1987ஆம் வருஷம். மண்டிப் பொறுப்பை அப்பா நம்மிடம் விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேரளத்தில் ஒரு சில்லறை வியாபாரி, நமக்குப் பழைய வாடிக்கை, 25 மூட்டை குண்டூர் வற்றல் கேட்டார். நம்மிடம் இருப்பு இல்லை. குண்டூரில் நமக்குச் சரக்குப் போடும் கமிஷன் மண்டி ஒன்று உண்டு. அவர்கள் நேராகக் கேரளத்துக்கு லாரியில் ஏற்றிவிடலாம், பில்லை அவர் பேருக்கே போட்டுவிடலாம், நமக்குப் பில்லின் நகல் வந்தால் போதும், கமிஷனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வாடிக்கைக்காரரின் முகவரியை முன்பே கடிதத்தில் எழுதியிருந்தோம். விலை ஏறப்போகிறது என்று பேச்சு அடிபட்டதால் அவசரமாகத் தந்தி கொடுத்தோம். தந்தி என்றால் சொல்லுக்குச் சொல் காசு என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். சின்னச் சொற்களை எல்லாம் வெட்டிவிட்டு, "செண்ட் ட்வெண்டிஃபைவ் பேக்ஸ் ஹிம் பில் அஸ்" என்று அடித்தோம்.

நம் மனத்தில் இருந்தது: மூட்டையை அவருக்கு அனுப்பு, பில்லை (அதாவது நகலை) நமக்கு அனுப்பு. குண்டூர்க்காரர் படித்தது: மூட்டையை அவருக்கு அனுப்பு, எங்கள் பேரில் பில் போடு. ஆங்கிலத்தில் "பில்" என்பது காகிதத்துக்கும் பெயர், பில் போடுகிற வேலைக்கும் பெயர். "பில் அஸ்" என்று நேராகச் சேர்த்துவிட்டால் அது "எங்களிடம் வசூல் செய்" என்ற கட்டளை. நடுவில் ஒரு "டு" வந்திருந்தால் அது காகிதம் என்று ஆகியிருக்கும். அதைவிட "பில் ஹிம், காப்பி டு அஸ்" என்று அடித்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கூடுதலாக மூன்று சொல்லுக்குக் காசு கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குண்டூர் மண்டி நம் பேரில் பில் போட்டுப் பணம் கேட்டது. கேரளத்துக்காரர் பில் வரட்டும், தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு மாதத்தில் அவர் கடையைச் சாத்திவிட்டு எங்கோ போய்விட்டார். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் நம் தலையில் விழுந்தது. குண்டூர்க்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. தந்தியை நீட்டினார், அதில் நம் ஆங்கிலம் இருந்தது. அந்தக் காலத்தில் அது நம் மண்டிக்குப் பெரிய அடி. அப்பா ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. தந்தி நகலை எடுத்துக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் பசை தடவி ஒட்டிவிட்டார். கல்லாவைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியதாயிற்று. திட்டியிருந்தாலே தேவலை என்று அப்போது தோன்றியது.

நிற்க. இனி பாடம்.

தமிழில் யார், யாருக்கு, எதை என்பது சொல்லின் வாலிலேயே இருக்கிறது. "எனக்கு மூட்டையை அனுப்பு", "மூட்டையை எனக்கு அனுப்பு", "அனுப்பு எனக்கு மூட்டையை" என்று எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது. "ஐ", "கு", "இடம்", "இலிருந்து" என்கிற வால்கள் சொல்லோடு ஒட்டிக்கொண்டே போகின்றன. ஆங்கிலத்தில் அந்த வால்கள் இல்லை. அந்த வேலையை இரண்டு சங்கதிகள் பார்க்கின்றன. ஒன்று, வினைச்சொல்லுக்குப் பின்னே சொல் நிற்கிற இடம். மற்றொன்று "டு", "ஃபார்", "ஃப்ரம்", "வித்" போன்ற சின்னச் சொற்கள். நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் சொல்லை இடம் மாற்றிவிடுகிறோம், சின்னச் சொல்லை விழுங்கிவிடுகிறோம், அல்லது வேண்டாத இடத்தில் சேர்த்துவிடுகிறோம்.

முதலில் பிரதிப் பெயர்கள். "ஐ" என்பது வினைக்குப் பின்னால் "மீ" ஆகும். "ஹீ" என்பது "ஹிம்", "ஷீ" என்பது "ஹெர்", "வீ" என்பது "அஸ்", "தே" என்பது "தெம்". "யூ", "இட்" இரண்டும் மாறா. இதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கவனிக்க வேண்டியது வேறு. தமிழில் என்னை, எனக்கு, என்னிடம், என்னோடு என்று பல இருக்க, ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே "மீ"தான். ஆகவே முன்னே நிற்கும் சின்னச் சொல்லைத் தவற விட்டால், எந்த "மீ" என்று படிப்பவருக்குத் தெரியாது.

இப்போது கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம். "கிவ்", "செண்ட்", "செல்", "ஷோ", "லெண்ட்", "டெல்" ஆகியவற்றுக்கு ஆளும் பொருளும் இரண்டும் வேண்டும். ஆளை முதலில் வைத்தால் "டு" வேண்டாம்: "செண்ட் அஸ் தி பில்". பொருளை முதலில் வைத்தால் "டு" கட்டாயம்: "செண்ட் தி பில் டு அஸ்". இரண்டும் சரி. ஆனால் பொருளும் "இட்", "தெம்" என்று பிரதிப் பெயராக வந்தால் இரண்டாவது முறைதான் சரளம்: "செண்ட் இட் டு அஸ்", "ஷோ தெம் டு ஹிம்". "செண்ட் அஸ் இட்" என்று எழுதாதீர்கள். இங்கிலாந்தில் சில பகுதிகளில் பேச்சில் சொல்வார்களாம். நம் கடிதத்துக்கு அது ஆகாது.

ஆளை முதலில் வைத்தால் "டு" ஏன் வேண்டாம்? நம் மண்டிக்குத் தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் ஐயா இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆங்கிலத்திலும் நம் வேற்றுமை உருபுகளைப் போல வால்கள் இருந்தனவாம். அப்போது "ஹிம்" என்றால் "அவனுக்கு" என்று பொருள். "அவனை" என்பதற்கு "ஹினெ" என்று தனிச் சொல் இருந்தது. போகப் போக வால்கள் தேய்ந்து உதிர்ந்தன. "ஹினெ" செத்துப் போயிற்று, "ஹிம்" இரண்டு வேலையையும் பார்க்கத் தொடங்கியது. "தம்பி, செண்ட் ஹிம் என்கிற இடத்தில் அந்தப் பழைய 'கு' இன்னமும் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்" என்றார். நமக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இலக்கணத்தை இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் பள்ளியில் இன்னும் நாலு மார்க் வாங்கியிருப்போம்.

அவரே இன்னொன்றும் சொன்னார். இப்படி "டு" இல்லாமல் ஆளைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் வினைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வீட்டுச் சொற்கள், குட்டையானவை. லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த நீளமான வினைகள் பலவும் ஆளை அப்படி ஒட்டவிடமாட்டா. "எக்ஸ்ப்ளெய்ன்", "ரிட்டர்ன்", "டெலிவர்" ஆகியவை இந்த வகை. "எக்ஸ்ப்ளெய்ன் மீ தி பில்" தவறு. "எக்ஸ்ப்ளெய்ன் தி பில் டு மீ" சரி. "ரிட்டர்ன் அஸ் தி பேக்ஸ்" தவறு. "ரிட்டர்ன் தி பேக்ஸ் டு அஸ்" சரி. "சப்ளை" என்பதற்கு இரண்டு வழி உண்டு: "சப்ளை ட்வெண்டி பேக்ஸ் டு அஸ்" அல்லது "சப்ளை அஸ் வித் ட்வெண்டி பேக்ஸ்". இந்த "வித்" நமக்குக் கூச்சமாக இருக்கும். மூட்டையோடு சேர்த்து நம்மையும் அனுப்பச் சொல்கிறதா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை, அந்த வினையின் பழக்கம் அது. விதிவிலக்கும் உண்டு. "பே", "சார்ஜ்" இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவைதாம், ஆனால் ஆளை நேராகச் சேர்த்துக்கொள்ளும்: "பே ஹிம் தி மனி", "சார்ஜ் ஹிம் ஃபிஃப்டி ருபீஸ்".

இதற்கு நேர்மாறான தப்பு "இன்ஃபார்ம்" என்கிற சொல்லில் நடக்கிறது. "எங்களுக்குத் தெரிவிக்கவும்" என்பதில் "கு" இருப்பதால் "இன்ஃபார்ம் டு அஸ்" என்று எழுதிவிடுகிறோம். "இன்ஃபார்ம் அஸ்" என்பதே சரி. என்ன விஷயம் என்று சொல்ல "அபௌட்" சேர்க்க வேண்டும்: "இன்ஃபார்ம் அஸ் அபௌட் தி ரேட்". "ரிமைண்ட்" என்பதும் இதே வகைதான். "டெல் டு மீ" கிடையாது, "டெல் மீ" போதும். ஆனால் "சே" என்றால் "சே டு மீ" என்று "டு" வரும். "ரைட்" என்பதற்கு இங்கிலாந்து வழக்கத்தில் "ரைட் டு அஸ்". அமெரிக்கர்கள் "ரைட் அஸ்" என்றே எழுதுவார்கள். நாம் முன்னதையே வைத்துக்கொள்வோம்.

"டிஸ்கஸ் அபௌட் தி மேட்டர்" என்பதும் இப்படித்தான். "பற்றி" என்ற சொல் தமிழிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. "டிஸ்கஸ் தி மேட்டர்" போதும். "ஆர்டர்" என்பதை வினையாகப் போட்டால் "வீ ஆர்டர்டு டென் பேக்ஸ்". பெயராகப் போட்டால் மட்டுமே "ஃபார்" வரும்: "அவர் ஆர்டர் ஃபார் டென் பேக்ஸ்". இதில் படித்தவர்களே தவறுகிறார்கள்.

இனி பணம் போகிற இடம். இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டுகிறோம். "பே ஹிம்" என்றால் அவருக்குப் பணம் கொடு. "பே ஃபார் ஹிம்" என்றால் அவர் கொடுக்க வேண்டியதை நீ கொடு. "பே ஃபார் இட்" என்றால் அந்தச் சரக்குக்குப் பணம் கொடு. முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்தும் எழுதலாம்: "பே ஹிம் ஃபார் தெம்", அதாவது அந்த மூட்டைகளுக்காக அவருக்குப் பணம் கொடு. லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பும் சீட்டில் "பே ஃபார் ஹிம்" என்று எழுதிவிட்டால், டிரைவர் வழியில் வைத்த சாப்பாட்டுக் கடைப் பாக்கியை எல்லாம் உங்கள் கணக்கில் எழுத இடம் கொடுத்ததாகும்.

அதே போல "வீ பாட் இட் ஃப்ரம் ஹிம்" என்றால் அவரிடமிருந்து வாங்கினோம். "வீ பாட் இட் ஃபார் ஹிம்" என்றால் அவருக்காக வாங்கினோம். "ரிசீவ்டு ஃப்ரம் ஹிம்", "ரிசீவ்டு ஃபார் ஹிம்" இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். முதலாவது அவர் கடனைக் குறைக்கும். இரண்டாவது, அவருக்கு வர வேண்டிய பணம் நம் கையில் இருப்பதாக நாமே எழுதிக் கொடுத்தது போல் ஆகும். கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இது வந்தால் பிறகு அழிக்க முடியாது.

"ஆஸ்க்" என்பதிலும் எச்சரிக்கை தேவை. "அவரிடம் பணம் கேள்" என்பதை "ஆஸ்க் ஹிம் தி மனி" என்று எழுதக் கூடாது. "ஆஸ்க் ஹிம் ஃபார் தி மனி" என்பதே சரி. விலை என்ன என்று விசாரிப்பதானால் "ஆஸ்க் ஹிம் தி ரேட்" சரி. தகவல் கேட்டால் "ஃபார்" வேண்டாம், பொருளோ பணமோ கேட்டால் வேண்டும். "சார்ஜ்" இன்னும் மோசம். "சார்ஜ் ஹிம் ஃபார் தி ஃப்ரெய்ட்" என்றால் அவரிடம் லாரி வாடகை வாங்கு. "சார்ஜ் ஹிம் வித்" என்று தொடங்கினால், படிப்பவர் பெரும்பாலும் போலீஸ் சமாசாரம் என்றே நினைப்பார். அவர் மேல் இன்ன குற்றம் சாட்டு என்பதற்கு வழங்கும் தொடர் அது. வாடகைக்கு ஆள் மேல் கேஸ் போடுவானேன்?

கணக்குக் கடிதத்தில் "கிரெடிட்" இரண்டு விதமாக வரும். "கிரெடிட் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் டு அவர் அக்கவுண்ட்" என்றாலும் சரி, "கிரெடிட் அவர் அக்கவுண்ட் வித் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்" என்றாலும் சரி. தொகை முன்னே வந்தால் "டு", கணக்கு முன்னே வந்தால் "வித்". கழிப்பதற்கு "டிடக்ட் இட் ஃப்ரம் தி பில்".

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "செண்ட் பேக்", "பிக் அப்", "ரைட் ஆஃப்" போல வினையும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து ஒரே வேலையைக் குறிப்பவை. பொருளின் பெயரைச் சொன்னால் இரண்டு இடத்திலும் வைக்கலாம்: "செண்ட் பேக் தி பேக்ஸ்", "செண்ட் தி பேக்ஸ் பேக்". ஆனால் "தெம்" என்று வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: "செண்ட் தெம் பேக்". "செண்ட் பேக் தெம்" என்பது ஆங்கிலமே அல்ல. "பிக் தெம் அப்", "ரைட் இட் ஆஃப்" எல்லாம் அப்படியே. ஆனால் "லுக் ஃபார் தெம்" என்பதில் "தெம்" நடுவில் வரவே வராது. எப்படிக் கண்டுபிடிப்பது? "தி பேக்ஸ்" என்பதை நடுவில் போட்டுச் சொல்லிப் பாருங்கள். "செண்ட் தி பேக்ஸ் பேக்" காதுக்கு நிற்கிறது. "லுக் தி பேக்ஸ் ஃபார்" நிற்கவில்லை. நிற்காவிட்டால் பிரதிப் பெயரும் கடைசிக்குப் போக வேண்டியதுதான். காது பழகும்வரை இது கொஞ்சம் தடுமாறும். நமக்கே பல வருஷம் தடுமாறியது.

இந்த வகையில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். "பே ஹிம் பேக்" என்றால் அவரிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடு. "பே ஹிம் ஆஃப்" என்றால் கணக்குத் தீர்த்து வேலையை விட்டு அனுப்பு என்றும், கைலஞ்சம் கொடுத்து வாயை அடை என்றும் பொருள்படும். கடனைத் தீர்க்க "பே இட் ஆஃப்" சரி. ஆளைப் போடும்போது யோசித்துப் போடுங்கள். ஓர் அதிகாரியைப் பற்றிய கடிதத்தில் இது வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய முடியாது. இதற்கு ஒரே உதவி நல்ல அகராதிதான். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். அவர் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதிதான் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்து இன்றுவரை பல பதிப்புகள் கண்டிருக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் பின்னே என்ன வரும் என்பதை வகைப்படுத்தி 25 மாதிரிகளாகப் பிரித்தவர் அவர். அந்த அகராதியில் ஒரு வினையைப் பார்த்தால் பொருளோடு நின்றுவிடாமல், கீழே உள்ள உதாரண வாக்கியத்தையும் பாருங்கள். "டு" வருகிறதா, "வித்" வருகிறதா என்பது அங்கே இருக்கும். நம் மண்டியில் அது தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. இப்போது வாட்ஸ்அப்பில் சொல்லுக்குக் காசு இல்லை. ஆனாலும் தந்தியை விடச் சுருக்கமாகத்தான் எழுதுகிறார்கள். போன மாதம் ஒரு சில்லறைக் கடைத் தம்பியிடமிருந்து நமக்கு வந்த செய்தியை அவர் அனுமதியோடு இங்கே தருகிறோம்.

"எக்ஸ்ப்ளெய்ன் மீ தி பில். ஐ இன்ஃபார்ம்டு டு யுவர் மேன் ஃபோர் பேக்ஸ் ஷார்ட். ரிட்டர்ன் மீ தி அமௌண்ட் ஆர் லெஸ் இட் மீ நெக்ஸ்ட் பில். ஐ ஆர்டர்டு ஃபார் டென் பேக்ஸ் கோரியாண்டர். டிஸ்கஸ் அபௌட் டிரைவர் அண்ட் டெல் டு மீ."

மேலே படித்ததை வைத்து நீங்களே திருத்திப் பாருங்கள். நாம் திருத்தியது இது:

"ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் தி பில் டு மீ. ஐ இன்ஃபார்ம்டு யுவர் மேன் அபௌட் தி ஷார்ட்டேஜ், ஃபோர் பேக்ஸ். ரிட்டர்ன் தி அமௌண்ட் டு மீ ஆர் டிடக்ட் இட் ஃப்ரம் தி நெக்ஸ்ட் பில். ஐ ஆர்டர்டு டென் பேக்ஸ் ஆஃப் கோரியாண்டர். டிஸ்கஸ் தி மேட்டர் வித் தி டிரைவர் அண்ட் டெல் மீ."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தம்பி எழுதியபடி படித்தால் டிரைவரைப் பற்றி யாரிடமோ பேசச் சொல்கிறார் என்றே நம் கணக்கர் நினைத்தார். டிரைவர் மேல் ஏதோ புகார் என்று எண்ணி, அவரைக் கூப்பிடாமலேயே இரண்டு நாள் விட்டுவிட்டார். பிறகு நாம் படித்துவிட்டு டிரைவரையே கூப்பிட்டுக் கேட்டோம். நாலு மூட்டையும் லாரி ஷெட்டில் வேறு பார்ட்டியின் சரக்கோடு சேர்ந்து கிடந்தன. மறுநாள் லோடில் ஏற்றி அனுப்பிவிட்டோம். தொகையைக் கழிக்க வேண்டியிருக்கவில்லை.